மார்ச்சில் விளக்கேற்றாத வீடு

காலை நேரத்துக் கடைசி லாரி எடைமேடையை விட்டு இறங்கிப் போனதும், லோரன் வோண்ட்ரா ஜன்னலைச் சாத்திவிட்டு ஆறிப்போன காபியை மறுபடியும் சூடாக்க வைத்தான். தானியக் கிடங்கின் எடை அறை அது. பேனா, தொலைபேசி, ரொட்டிப் பொட்டலம் என்று எதை எடுத்தாலும் மேலே மக்காச்சோளத் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். இருபத்தாறு வருடங்களாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் விளைச்சலை எடை போட்டுக்கொண்டிருக்கிறான் லோரன்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆர்வில் ஹின்ரிக்ஸ் உள்ளே வந்தார். எழுபதைத் தாண்டியவர். கவுன்டி எனப்படும் அந்த மாவட்டத்தின் கருவூலத்தில் ஒவ்வொரு மார்ச்சிலும் நடக்கும் வரி ஏலத்தில் நாற்பது வருடங்களாக முதல் வரிசையில் உட்காருபவர். கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தா தம்பி. ஆத்தங்கரையில எண்பது ஏக்கர். ஒரு வீடு, ஒரு களஞ்சியம். மூணு வருசம் முடிஞ்சிருச்சு. போய்ப் பத்திரம் கேக்க வேண்டியதுதான் பாக்கி."

"அப்ப நீங்களே கேட்டு வாங்கிக்கலாமே?"

"எனக்கு நெலம் எதுக்குடா? நான் வட்டிக்காரன். நெலம்னு ஒண்ணு கையில வந்தா வேலி போடணும், புல்லு வெட்டணும், பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சண்டை போடணும். முட்டி ரெண்டும் போச்சு. ஈஸ்டர் முடிஞ்சதும் அரிசோனாவுல மக வீட்டுக்குப் போயிடுவேன். நீ குடுத்த காசுக்கு இது ஒனக்கு."

"வீட்டுல யாரும் இல்லையே?"

"எலிகூட இருக்காது. வெர்னா சோரன்சன்னு ஒரு அம்மா பேர்ல கெடக்கு. அந்தம்மா போய்ச் சேர்ந்தாச்சு. ஏலத்துக்கு வர்றப்பல்லாம் அந்தப் பக்கம் கார்ல போய்ப் பாத்திருக்கேன். ஒரு விளக்கு கெடையாது, பொகை கெடையாது, வாசல்ல ஒரு வண்டி கெடையாது. ஆளில்லன்னு பேப்பர்லயும் நோட்டீஸ் போட்டாச்சு. நிம்மதியா இரு."

தாளின் பின்பக்கத்தில் ஆர்வில் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு முறை தூசியில் சிக்கி நின்றது. அவ்வளவுதான், சான்று கை மாறிவிட்டது.

அந்த வட்டாரத்தில் இது புதிய விஷயம் அல்ல. ஒருவர் தன் நிலத்துக்கு வரி கட்டாமல் விட்டால், மார்ச் ஏலத்தில் அந்தப் பாக்கியை வேறொருவர் கட்டலாம். கட்டியவருக்குக் கருவூலம் ஒரு சான்று கொடுக்கும். மூன்று வருடத்துக்குள் உரிமையாளர் வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டால் நிலம் தப்பிக்கும். இல்லாவிட்டால் சான்று வைத்திருப்பவர் நிலத்தைத் தன் பெயருக்கு எழுதித் தரும் பத்திரம் கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அங்கே குடியிருப்பவர் யாராக இருந்தாலும் அவர் கையில் அறிவிப்பைக் கொடுத்து, பாக்கியைக் கட்டி மீட்க இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். யாருமே இல்லாத இடம் என்றால் மட்டும் செய்தித்தாளில் போட்டால் போதும்.

ஆர்வில் போன பிறகு லோரன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது அப்பாவின் பண்ணையை வங்கி ஏலம் விட்டது. அன்று முதல் சாகும்வரை, வண்டியில் எந்த வயலைக் கடந்தாலும் அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். லோரன் முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு வயலாகப் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். நிலம் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்குள் ஏதோ ஒன்று பசித்தது.

*

சான்று கையில் இருப்பதால் மட்டும் அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பத்திரம் வரும்வரை அது அடுத்தவர் மண். ஆனாலும் மனம் கேட்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மறுநாள் விடியுமுன் கிளம்பினான். சாலையோரத்தில் வண்டியை விட்டுவிட்டு, வில்லோ மரங்களை ஒட்டி ஆற்றை நோக்கி நடந்தான். வீடு கரிக்கட்டையாக இருட்டில் நின்றது. ஆர்வில் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

நினைத்து முடிப்பதற்குள் ஒரு கை அவன் சட்டைக்கையைப் பிடித்தது.

"அங்கயே நில்லுங்க," என்றது ஒரு கிழக்குரல், மூச்சுவிடும் அளவுக்கே சத்தமாக. "இன்னும் ஒரு அடி வச்சீங்கன்னா மொத்தமும் எழுந்துரும்."

எலிகூட இல்லாத இடத்தில் மனிதக் கை. அந்தக் கை அவனை இழுத்துக்கொண்டு போய், பலகையால் அடைத்த ஒரு தாழ்ந்த மறைப்புக்குள் உட்கார வைத்தது. எதிரே ஒரு நீளமான இடுக்கு. அதற்கப்பால் ஆறு இருக்க வேண்டும், தெரியவில்லை. கேட்டது.

ஆயிரம் மரக்கதவுகளின் கீல்கள் ஒரே நேரத்தில் மெதுவாகத் திறப்பதுபோல ஒரு சத்தம். அது ஓரிடத்திலிருந்து வரவில்லை. ஆற்றின் அகலம் முழுவதிலிருந்தும் வந்தது. பேசுகிறாற்போலவும் இருந்தது, தூக்கத்தில் முனகுகிறாற்போலவும் இருந்தது.

கிழக்கே ஒரு நூலளவு வெளுத்தது. ஆற்றின் நடுவில் நீண்ட சாம்பல் நிற மணல்திட்டு ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வந்தபோது அந்தத் திட்டுகளுக்குக் கால்கள் இருந்தன. மணல் அல்ல அது. தோளோடு தோள் ஒட்டிக் கணுக்கால் தண்ணீரில் நிற்கும் நாரைகள். கண் போன தூரம்வரை நாரைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமத்தைத் தொட்டு வைத்ததுபோல ஒரு சிவப்பு.

எங்கோ ஒன்று கழுத்தை நீட்டியது. அடுத்தது நீட்டியது. அப்புறம் ஆற்றுப் படுகையே எழுந்து நின்றதுபோல அத்தனையும் ஒரே வீச்சில் மேலே கிளம்பின. அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை. நெஞ்செலும்பு வழியாக நேரே உள்ளே போனது. வானம் கொஞ்ச நேரத்துக்கு இல்லாமல் போனது. சிறகு அடித்த காற்று இடுக்கின் வழியாக வந்து லோரனின் முகத்தில் பட்டது. அதில் சேற்று வாசனையும் ஏதோ வெகு பழைய ஒன்றின் வாசனையும் இருந்தன. தன் கை தானாகவே மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

ஐம்பத்தோரு வயது. இங்கிருந்து அரைமணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்தவன். வருடா வருடம் மார்ச்சில் இவை தலைக்குமேல் பறப்பதை எடை அறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறான். ஆனால் அவை எழும் நேரத்தில் எழுந்ததில்லை. சட்டைப்பையில் இருந்த தாள் நினைவுக்கு வந்தது. இதன் கீழே இருக்கும் மண்ணுக்கு நான் உரிமை கேட்கப் போகிறேனா? அந்தக் கேள்வி, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவனின் கூச்சம்போல அவனை அரித்தது.

ஆறு வெறுமையாகி, கடைசிப் பறவையின் குரலும் வயல்கள் பக்கம் போய்த் தேய்ந்த பிறகும் இருவரும் அசையவில்லை. கிழவர்தான் முதலில் பேசினார்.

"ஆத்தங்கரைக்கு நாரை பாக்க வர்றவங்க எல்லாம் பாக்கெட்ல இருந்து போனை எடுப்பாங்க. நீங்க தொப்பியைக் கழட்டினீங்க. வாங்க, காபி குடிச்சிட்டுப் போலாம்."

*

அவர் பெயர் எம்மெட் சோரன்சன். இறந்துபோன வெர்னாவின் தம்பி. பிறந்ததிலிருந்து அதே வீட்டில்தான் இருக்கிறார். சமையலறை ஜன்னல்களில் தடித்த கம்பளிகள் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். ரொட்டியும், வீட்டில் செய்த பிளம் ஜாமும் வந்தன.

"கம்பளி எதுக்கு?" என்று கேட்டான் லோரன்.

"நாரை வந்து போற வரைக்கும் இப்படித்தான். சாயங்காலம் அதுங்க இறங்குறதுக்கு முந்தி அடுப்பை அணைச்சிடுவேன். விளக்கு போட மாட்டேன். வண்டியக் களஞ்சியத்துக்குள்ள விட்டுடுவேன். எங்கப்பா ஆரம்பிச்சது. அக்காவும் நானும் விடல."

"ஒரு விளக்குக்கா பயப்படும்?"

"பயந்தாப் பரவால்லையே. இருட்டுல கெளம்பிப் போய்க் கரண்டுக் கம்பியில மோதும். ஒரு தடவை நான் சின்னப் பையன், லாந்தரை எடுத்துக்கிட்டு வெளிய ஓடிட்டேன். காலையில கம்பிக்குக் கீழ அப்பா ஒவ்வொண்ணாப் பொறுக்குனாரு. என்னைத் திட்டல. பொறுக்குறதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாரு, அவ்வளவுதான்."

லோரன் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஆர்வில் ஏலத்துக்கு வரும்போது மட்டும்தான் இந்தப் பக்கம் வருவார். ஏலம் மார்ச்சில். வருடத்தில் மற்ற மாதங்களில் எல்லாம் இந்த வீட்டில் விளக்கு எரிந்திருக்கிறது, புகை போயிருக்கிறது, வாசலில் வண்டி நின்றிருக்கிறது. பறவைகளுக்காக ஒருவர் தன்னை மறைத்துக்கொண்ட அந்த ஒரு மாதத்தில் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டு, ஆளே இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

"அக்கா போனப்புறம் வீட்டுக் காரியமெல்லாம்..." என்று இழுத்தான்.

"என்ன காரியம்? சமையல் எனக்குத் தெரியும். காகிதமெல்லாம் அவ பாத்தா. இப்பவும் கவுன்டியில இருந்து அவ பேருக்கு ஏதாவது வரும். அவ ரூம்ல கொண்டுபோய் வச்சிடுவேன். அடுத்தவங்க கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் இந்த வீட்டுல கெடையாது." கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: "கேக்க மறந்துட்டேன். நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நாரை பாக்க," என்றான் லோரன்.

வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகும் நாக்கில் பிளம் ஜாமின் புளிப்பு போகவில்லை.

*

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி மார்வா அவனையே பார்த்தாள். எண்பது ஏக்கருக்காக அவளும்தான் சேமிப்பைத் தூக்கிக் கொடுத்திருந்தாள்.

"நெலம் எப்படி இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு."

"எண்பது ஏக்கர்னா எண்பது ஏக்கர்தானே இருக்கும்? அதுல என்ன பெருசு?"

அவன் குனிந்து சாப்பிட்டான். அவள் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "லோரன், நீ பேசாம இருந்தா எனக்குப் பயமில்ல. பழகிப்போச்சு. ஆனா இன்னிக்கு நீ எதையோ ஒளிக்கிற மாதிரிப் பேசாம இருக்க."

மறுநாள் கருவூல அலுவலகத்தில் ஜோலீன் என்ற எழுத்தர் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். விரல் நகத்தால் ஒரு வரியைக் காட்டினாள்.

"இந்த எடத்துல யாரும் குடியிருக்கலன்னு சத்தியப் பிரமாணம். கீழ கையெழுத்து."

"ஆர்வில்தான் ஏற்கெனவே பேப்பர்ல போட்டுட்டாரே."

"அவரு போட்டாரு சார். இப்ப சான்று ஒங்க பேர்ல. அவருக்கு என்ன உரிமை இருந்துச்சோ அது அப்படியே ஒங்களுக்கு. அதுக்கு மேல ஒரு துளி கெடையாது, கொறையவும் கெடையாது. அவரு செஞ்சது சரின்னா ஒங்களுக்கும் சரி. அவரு ஏதாவது ஓட்டை விட்டிருந்தா அந்த ஓட்டையும் ஒங்களுதுதான்."

"ஒருவேளை யாராவது குடியிருந்தா?"

"நோட்டீஸை நேர்ல அவரு கையில குடுக்கணும். அவரு பாக்கியக் கட்டிட்டா ஒங்க காசு வட்டியோட ஒங்களுக்கு, நெலம் அவருக்கு." அவள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "யாராவது இருக்காங்களா?"

லோரன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். கையெழுத்துப் போட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்த மனிதர் வக்கீலைத் தேடி ஓடுகிறவர் அல்ல. தன் அக்காவுக்கு வந்த உறையைக்கூடக் கிழிக்காதவர். நிலத்தைவிட்டுப் போகச் சொன்னால், போகிற நாள்வரை இரவில் விளக்கேற்றாமல் இருந்துவிட்டுப் போவார். அப்பா ஞாபகம் வந்தது. ஏலத்தன்று வந்தவர்களில் ஒருவன்கூட வீட்டுக்குள் வந்து முகம் பார்த்துப் பேசவில்லை; எல்லாரும் வயலைத்தான் பார்த்தார்கள். இத்தனை வருடம் அவனுக்குள் பசித்தது நிலத்துக்காகவா, அல்லது யாராவது ஒருவர் அன்று அந்தக் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா என்பதற்காகவா? இதுவரை அவன் தன்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பேனாவைக் கீழே வைத்தான். "இருக்காரு," என்றான். "ஒருத்தர் இருக்காரு."

*

அன்று மதியம் எம்மெட் களஞ்சிய வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தூரத்து வயல்களில் நாரைகள் உதிர்ந்த சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. லோரன் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வரி பாக்கி, சான்று, ஆர்வில், தான் போடாத கையெழுத்து, பத்திரம். எதையும் மெருகேற்றவில்லை.

கிழவர் கத்தி தீட்டுவதை நிறுத்தினார். கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அதை உறையில் போட்டார்.

"அப்ப நேத்து நீங்க நாரை பாக்க வரல."

"இல்ல."

"ஒங்க நெலத்தைப் பாக்க வந்தீங்க."

"ஆமா."

"பாத்தீங்களா?"

லோரனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பாத்தேங்க. அது என்னோடது இல்லன்னு பாத்தேன்."

எம்மெட் மெல்லத் தலையாட்டினார். "என்னோடதும் இல்ல," என்றார். "காசு இருக்குங்க. வைக்கோல் வித்த காசு பேங்க்குல சும்மா கெடக்கு. வரி கட்டணும்னு சொல்லத்தான் ஆளில்ல. மூணு வருசத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து கதவைத் தட்டிச் சொல்லியிருந்தா அன்னிக்கே கட்டியிருப்பேன்." பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார். "நீங்களாவது வந்தீங்க. போலாம், ரோட்டுல நிக்கிற ஒங்க வண்டியில. என் வண்டிய இப்ப வெளிய எடுத்தா அதுங்க கலையும்."

அவர் திட்டவில்லை. அதுதான் லோரனை அதிரச் செய்தது. வீட்டையே பிடுங்க வந்தவனின் வண்டியில் ஏறி, கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். வயலில் மேய்ந்துகொண்டிருந்த நாரைகளில் ஒன்றுகூடத் தலையை உயர்த்தவில்லை. லோரன் ஊரை நோக்கி வண்டியை ஓட்டினான். பக்கத்தில் ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே அவனுக்கு அந்த விடியற்காலைக்கு நிகராக இருந்தது.

ஜோலீன் பணத்தை வாங்கிக்கொண்டு, மீட்கப்பட்டது என்று சான்றின்மேல் முத்திரை குத்தினாள். இனிமேல் வரி விவரமெல்லாம் எம்மெட் பெயருக்கே வருகிற மாதிரி எழுதிக்கொண்டாள். "ஒங்க பேருக்கு வந்தா பிரிப்பீங்கதானே?" என்று கேட்டாள். "என் பேருன்னா பிரிப்பேம்மா," என்றார் அவர் மிகுந்த பொறுப்போடு.

மார்வாவிடம் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னான். "எண்பது ஏக்கர் போச்சு," என்றாள். பிறகு, "ஆனா நேத்து சாப்பிடறப்ப எதிர்ல ஒக்காந்திருந்த ஆளு போயிட்டான். அது நல்லது," என்றாள்.

விஷயம் ஊருக்குள் பரவாமல் இருக்குமா? அந்த வாரக் கடைசியில் ஆர்வில் எடை அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் கேலி.

"ஏன்டா, அள்ளிக் குடுத்த நெலத்தை வேண்டாம்னு திருப்பிக் குடுத்த மொத ஆளு நீதான். பிரமாணத்துல ஒரு கையெழுத்து! கொக்கு பாக்கப் போனவன் கொக்காவே ஆயிட்டியா?"

லோரன் காபியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினான். வழக்கம்போல அவன் பேசமாட்டான் என்றுதான் ஆர்வில் நினைத்தார்.

"ஆர்வில், நீங்க பின்பக்கம் கையெழுத்துப் போட்டப்ப ஒங்க உரிமை மட்டும் எனக்கு வரல. நீங்க எறங்காமக் காருக்குள்ளயே இருந்து பாத்தீங்களே, அதுவும் சேந்துதான் எனக்கு வந்துச்சு. சட்டம் மூணு வருசம் காத்திருக்கு. எதுக்கு? உள்ள ஒரு மனுசன் இருந்தா அவன் காதுல விழணுமேன்னு. அந்த மூணு வருசத்துல நாம ஒரு தடவை கதவைத் தட்டல. அடுத்தவங்க பாக்கிய வாங்குறவன், மொதல்ல அவங்க முகத்தைப் பாக்கணும். பாக்காம வாங்குனா நாம வாங்குறது நெலம் இல்ல. ஒருத்தருக்கு வெவரம் சொல்ல ஆளில்லாமப் போனதைத்தான் வாங்குறோம். அதுக்கு எந்தக் கவுன்டி பத்திரம் குடுத்தாலும் எனக்கு வேண்டாம்."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி ஆர்வில் கேட்டதில்லை. வெளியே ஒரு லாரி மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. லோரன் எடையைப் பார்த்து எழுதி, கையசைத்து அனுப்பிவிட்டுத் திரும்பினான். ஆர்வில் காபியைத் தொடவே இல்லை. கோட்டின் உள்பைக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் கடைசியில். குரலில் கேலி இல்லை. "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன வீடு. அதையும் ஆளில்லன்னுதான் எழுதி வச்சிருக்கேன்."

"காரை விட்டு எறங்கிப் பாத்தீங்களா?"

ஆர்வில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"முட்டி வலிக்குதுடா தம்பி. படி இருந்தா நீதான் கையப் பிடிச்சு ஏத்தணும்," என்றார். "வா, போய்த் தட்டிப் பாப்போம்."